கட்டி கறுப்பாக இருந்தது என்றார் சர்ஜன்

கேள்வி:

என் கணவருக்கு 47 வயது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் விசைத்தறி ஓட்டுகிறோம். நான்கு மாதமாகத் தலைவலி என்றார். பிறகு காலையில் எழுந்ததும் வாந்தி. கடைசி இரண்டு வாரம் நடக்கும்போது இடது பக்கமாகச் சாய ஆரம்பித்தார். எம்ஆர்ஐ எடுத்ததில் சிறுமூளைக்குப் பின்னால், மூளை உறையை ஒட்டி ஒரு கட்டி. மெனிஞ்சியோமா, பெரும்பாலும் சாதுவான கட்டிதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த சர்ஜன், "கட்டி தார் மாதிரி கறுப்பாக இருந்தது, பயாப்சி வரட்டும்" என்றார். பயாப்சியில் மெலனோமா என்று வந்திருக்கிறது. இது அங்கேயே தோன்றியதா, வேறு இடத்திலிருந்து பரவியதா என்பதை மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்து முடிவு செய்யவும் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்கள். அதன்பிறகு தோல் டாக்டர், கண் டாக்டர், மூக்கு, வாய், ஆசனவாய், பெட் ஸ்கேன், முதுகுத் தண்டு எம்ஆர்ஐ, முதுகில் நீர் எடுப்பது என்று பட்டியல் நீள்கிறது. அவர் உடம்பில் சொல்லும்படி ஒரு மச்சம்கூட இல்லை. மூளையில் வந்த நோய்க்கு ஆசனவாயில் என்ன தேடுகிறார்கள்? ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. "எல்லாம் பணம் பிடுங்கும் வேலை, நாளைக் கடத்தாமல் கரண்ட் வைக்கச் சொல்லு" என்கிறார் அவருடைய அண்ணன். முதல் ஸ்கேனிலேயே ஏன் தெரியவில்லை? எங்கள் பிள்ளைகளுக்கும் இது வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்களை அரிக்கிற கேள்விக்கு வருகிறேன். அந்தப் பட்டியலில் இருக்கும் எதுவும் வீண் செலவு அல்ல. நான் கத்தி பிடிக்கும் டாக்டர் இல்லை. சர்ஜன் எடுத்து அனுப்பும் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவன், நோய்க்குறியியல் நிபுணர். உங்கள் கணவரின் ரிப்போர்ட்டில் அந்தக் கடைசி வரியை எழுதியவர் என்னைப் போன்ற ஒரு நிபுணர்தான். அவர் ஏன் அப்படி எழுதினார் என்று எனக்குத் தெரியும். மெலனோமா என்பதைச் சிலைடைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மூளை உறையிலேயே தோன்றிய மெலனோமா, அதாவது பிரைமரி, என்பதைச் சிலைடு மட்டும் ஒருநாளும் சொல்லாது. உடம்பு முழுக்கத் தேடி, எங்கேயும் கிடைக்கவில்லை என்று ஆன பிறகுதான் அந்தச் சொல்லை எழுத முடியும். நோயைக் கண்டுபிடித்த பிறகு சும்மா கூடுதலாகச் செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நோயைக் கண்டுபிடிக்கும் வழியே இந்தத் தேடல்தான்.

மெலனோமா என்றால் தோலில் வருகிற புற்றுநோய் என்றுதான் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். மூளைக்குள் அது எப்படி? நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் என்ற நிறமியைத் தயாரிக்கும் செல்கள், கரு உருவாகும்போது நரம்பு மண்டலம் உருவாகிற இடத்தின் விளிம்பிலிருந்து கிளம்புகின்றன. பெரும்பாலானவை தோலுக்குப் போய்ச் சேரும். சில கண்ணுக்குள், சில மூக்கு, வாய், ஆசனவாயின் உள்சவ்வில் தங்கிவிடும். இன்னும் சில மூளையைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில். மூளையின் அடிப்பாகம், முகுளத்தின் (மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி) முன்பக்கம், கழுத்துப் பகுதித் தண்டுவடம், இங்கெல்லாம் அவை கொஞ்சம் அதிகம்.

நான் படிக்கும் காலத்தில் ஒரு பிரேதப் பரிசோதனையில் முதல்முதலாக இதைப் பார்த்தேன். எடுத்து வைத்த மூளையில் முகுளத்தின் முன்பக்கம் விளக்குக் கரி பட்டதுபோல மங்கலான கறுப்பு. ஏதோ அழுக்கு என்று ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பக்கத்தில் நின்ற பேராசிரியர் சிரித்தார். கறுப்புத் தோல்காரர்களுக்கு இது சகஜம், நோயே இல்லை. அந்தச் செல்களில் ஒன்று எப்போதோ தறிகெட்டு வளர ஆரம்பித்தால்தான் பிரச்சினை. அது மிக அபூர்வம். மெலனோமாக்கள் எல்லாவற்றையும் கூட்டினால் நரம்பு மண்டலத்திலேயே தோன்றுபவை நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் சொல்கிறார்கள். ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ஹோ 1859இல் இதை எழுதி வைத்தார். அப்போதிருந்து இன்றுவரை மருத்துவ இதழ்களில் பெரும்பாலும் ஒரு நோயாளி, இரண்டு நோயாளி என்றுதான் இதைப் பற்றி எழுதி வருகிறார்கள். முப்பது வருடத்தில் நானே பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடியதுதான்.

முதல் ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மூளை உறையை ஒட்டி, மருந்து ஏற்றியதும் பளிச்சென்று தெரிகிற கட்டியைக் கண்டால் எந்த ரேடியாலஜிஸ்டும் முதலில் மெனிஞ்சியோமா என்றுதான் சொல்வார். தலைக்குள்ளேயே தோன்றும் கட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுதான் என்கிறது அமெரிக்கக் கணக்கு. மெலனின் நிறைய இருந்தால் எம்ஆர்ஐயில் ஒரு தடயம் விடும். மருந்து ஏற்றுவதற்கு முன் எடுக்கும் டி1 படத்தில் கட்டி வெள்ளையாகவும், டி2 படத்தில் கறுப்பாகவும் தெரியும். சாதாரணக் கட்டிகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஆனால் கட்டிக்குள் சில நாள் முன்பு ரத்தம் கசிந்திருந்தாலும் படம் அச்சு அசல் இப்படியே இருக்கும். நிறமியே இல்லாத மெலனோமாவும் உண்டு, அது எந்தத் தடயமும் தராது. அந்த எம்ஆர்ஐ படங்கள் உள்ள டிஸ்க் கையில் இருந்தால், இப்போது பார்க்கிற டாக்டரிடம் பழைய டி1 படத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். யார்மேலும் குற்றம் கண்டுபிடிக்க அல்ல, முதுகுத் தண்டு எம்ஆர்ஐயில் எதைத் தேடுவது என்று தெரிவதற்கு. முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் ஆபரேஷன் தள்ளிப்போயிருக்காது. காலை வாந்தியும் நடைத் தள்ளாட்டமும் இருக்கிறவருக்குப் பின்மூளையை அழுத்தும் கட்டியை எடுத்தே ஆக வேண்டும்.

சரி, அந்தக் கறுப்புத் துண்டு எங்கள் லேபுக்கு வந்ததும் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ரிப்போர்ட்டில் உள்ள பெயர்கள் புரிய இது உதவும்.

ஃபார்மலின் பாட்டிலிலிருந்து எடுத்து வெட்டும்போதே கத்தியிலும் பலகையிலும் மை மாதிரி கறை ஒட்டும். மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றிப் பார்த்தால் பல நேரம் ஒன்றுமே தெரியாது. செல்லுக்குள் பழுப்புப் பொடி அடைத்துக்கொண்டு நியூக்ளியஸை மறைத்துவிடும். நியூக்ளியஸ் தெரியாமல் அது சாதுவா, கொடியதா என்று எப்படிச் சொல்வது? அதனால் சீவலை வெளுக்க வைப்போம். கிணற்றில் போடுவீர்களே, அதே பெர்மாங்கனேட்தான். அதில் கொஞ்ச நேரம் ஊற வைத்து, ஆக்ஸாலிக் அமிலத்தில் அலசினால் கறுப்பு போய்விடும், செல்லின் முகம் தெரியும். இன்னொரு சீவலில் இரும்புக்கான சாயம் போட்டுப் பார்ப்போம். பழைய ரத்தமும் பழுப்பாகத்தான் இருக்கும். நீலமாக மாறினால் அது ரத்தம், மாறாவிட்டால் மெலனின்.

அதற்கு அடுத்ததுதான் எஸ்-100, எச்எம்பி-45, மெலன்-ஏ, சாக்ஸ்10 என்று உங்கள் ரிப்போர்ட்டில் வரிசையாக இருப்பவை. செல்லின் குலம் கோத்திரம் கேட்கிற சோதனைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை பாசிட்டிவ், மெனிஞ்சியோமாவைக் காட்டும் சோதனைகள் நெகட்டிவ் என்றால் இது நிறமிச் செல்லின் கட்டி. இதிலும் ஒரு தொல்லை உண்டு. பாசிட்டிவ் என்றால் வழக்கமாகப் பழுப்பு நிறம்தான் ஏறும், மெலனினும் பழுப்பு! எது எது என்று குழம்பாமல் இருக்க, இப்படிப்பட்ட கட்டிக்குச் சிவப்பு ஏறும் சாயத்தைப் பயன்படுத்துவோம்.

நிறமிச் செல் கட்டி என்று ஆன பிறகும் வேலை முடியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டில், உறையில் ஒரே இடத்தில் கட்டியாக வருவதில் இரண்டு வகை இருக்கிறது: மெதுவாக வளரும் மெலனோசைட்டோமா, கொடிய மெலனோமா. உறை முழுக்கப் படர்ந்து பரவுகிற ரகம் தனி. மெலனோசைட்டோமாவும் தார் மாதிரி கறுப்பாகத்தான் இருக்கும், மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் அதிலும் பாசிட்டிவ்தான். செல்கள் எத்தனை பிரிந்துகொண்டிருக்கின்றன, கட்டி பக்கத்து மூளைக்குள் புகுந்திருக்கிறதா, நடுவில் செத்த திசு இருக்கிறதா என்பதை வைத்துத்தான் பிரிக்கிறோம். நரம்பின் மேலுறையிலிருந்து வரும் கறுப்புக் கட்டி ஒன்றும் இதே வேஷத்தில் வரும். ஆகவே உங்கள் ரிப்போர்ட்டில் செல் பிரிதல் எண்ணிக்கையும், கேஐ-67 (பிரிந்துகொண்டிருக்கும் செல்களைக் காட்டும் சோதனை) சதவீதமும், மூளைக்குள் புகுந்திருப்பது பற்றியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். அதைக் கேட்டால் எந்த நிபுணரும் கோபப்பட மாட்டார், கோபப்பட்டாலும் பரவாயில்லை.

இப்போது பிரைமரியா, செகண்டரியா என்ற கேள்வி.

காலில் தோன்றி மூளைக்குப் பரவிய மெலனோமாவையும், மூளை உறையிலேயே தோன்றிய மெலனோமாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நான் மட்டுமல்ல, எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்றுதான். மூளைக்குப் பரவுவதில் மெலனோமாவுக்கு இணையான புற்றுநோய்கள் குறைவு. அதனால் தலைக்குள் மெலனோமா என்றதும் பரவி வந்தது என்றே நினைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். ஒற்றைக் கட்டி, உறையை ஒட்டிய இடம், இவையெல்லாம் பிரைமரி பக்கம் சாய வைக்கும் அறிகுறிகள். பரவி வருபவை பெரும்பாலும் பல கட்டிகளாக, மூளைத் திசுவுக்குள் இருக்கும். ஆனால் சாய வைப்பது வேறு, முடிவு வேறு.

சில வருடம் முன்பு ஒரு விவசாயி, ஐம்பத்து சொச்சம் வயது. உங்கள் கணவரைப் போலவே உறையை ஒட்டி ஒற்றைக் கட்டி. தோல் பார்த்தாயிற்று, ஸ்கேன் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. பிரைமரி என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். சிலைடு வாங்க வந்த அவர் மனைவியிடம், "உடம்பிலிருந்து எப்போதாவது எதையாவது வெட்டி எடுத்தார்களா?" என்று கேட்டு வைத்தேன். "அதெல்லாம் இல்லீங்க" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "கால் கட்டைவிரல் நகம் கறுத்துப் போய் ஆறாம கிடந்துச்சு, கல்லு இடிச்சதுன்னு நகத்தைப் பிடுங்கி எடுத்தாங்க, மூணு வருஷம் இருக்கும்" என்றார். பிடுங்கிய நகத்தையும் அதன் கீழ் இருந்த சதையையும் யாரும் பயாப்சிக்கு அனுப்பவில்லை. அந்த விரலில் மீண்டும் துண்டு எடுத்துப் பார்த்தோம். நகத்துக்கு அடியில் மிச்சம் இருந்தது மெலனோமாதான். அன்று அவர் வாசலிலிருந்து திரும்பி வராமல் போயிருந்தால், அபூர்வ நோய் என்று ஒரு தப்பான ரிப்போர்ட் என் கையெழுத்தோடு போயிருக்கும். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் இரண்டு முறை கேட்கிறேன்.

வெள்ளைக்காரர்களுக்கு முதுகிலும் காலிலும் வெயில் படும் தோலில் மெலனோமா வருகிறது. நமக்குத் தோல் மெலனோமாவே குறைவு. வந்தால் உள்ளங்கால், நகத்தடி, உள்ளங்கை, அப்புறம் மூக்கு, வாய், ஆசனவாய், பெண்களுக்குப் பிறப்புறுப்பு என்று மறைவான இடங்களில் வருவதுதான் அதிகம். ஆசனவாயில் என்ன தேடுகிறார்கள் என்று கேட்டீர்களே, இதைத்தான். கையுறை போட்ட விரல், சின்னக் குழாய், ஐந்து நிமிடம். மூலம் என்று நினைத்து விட்டுவிட்ட மெலனோமாக்கள் நிறைய. அவருக்கு மலத்தில் ரத்தம், மூக்கில் ஒரு பக்கமாக ரத்தம் வந்ததுண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உடம்பில் மச்சம் இல்லை என்கிறீர்கள். உள்ளங்காலையும் தலைமுடிக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களா?

கண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் வரும் மெலனோமா பார்வையைக் கெடுக்காமலேயே ஒளிந்திருக்கும். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரிய வைத்து, உள்ளே ஓரம்வரை பார்த்தால்தான் தெரியும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் படிப்பது இதற்குப் போதாது. பத்து வருடம் முன்பு கண்ணில் வந்தது இப்போது வேறிடத்தில் தலைகாட்டுவதுண்டு. அது முதலில் போகிற இடம் கல்லீரல் என்பதால் அதையும் பார்ப்பார்கள். இன்னொன்று: அவர் நெற்றியிலோ கன்னத்திலோ ஒரு பக்கம் மட்டும் நீலம் பாய்ந்த திட்டு பிறவியிலிருந்து இருக்கிறதா? அந்தப் பக்கத்துக் கண்ணின் வெள்ளைப் பகுதி சாம்பல் நிறமாக இருக்கிறதா? ஓட்டா மச்சம் என்று பெயர். அப்படிப்பட்டவர்களுக்குக் கண்ணிலும், அதே பக்கத்து மூளை உறையிலும் நிறமிச் செல்கள் அதிகம் இருக்கும். இருந்தால் அது உறையிலேயே தோன்றியது என்பதற்கு ஒரு சாட்சி, கண்ணை மேலும் கவனமாகப் பார்க்கவும் ஒரு காரணம்.

உடம்பு முழுக்கப் புற்றுநோயைத் தேடும் பெட்-சிடி ஸ்கேன் பற்றி ஒரு சூட்சுமம். சாதாரணமாக அதை மண்டையோட்டின் அடியிலிருந்து தொடை நடுப்பகுதிவரை எடுப்பார்கள். மெலனோமாவுக்கு உச்சந்தலை முதல் கால்விரல் நுனிவரை எடுக்க வேண்டும். புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பெட்டுக்காக ஏற்றும் சர்க்கரை மருந்தை மூளை இயல்பாகவே நிறைய இழுத்துக்கொள்ளும் என்பதால் மூளைக்கு அது நம்பகமான படம் இல்லை, அதற்கு எம்ஆர்ஐதான். பெட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நிம்மதிப்படலாம், ஆனால் தோலில் உள்ள மெல்லிய மெலனோமாவையும் கண்ணில் உள்ள சிறியதையும் அது தவறவிடும். ஆகவே பெட் எடுத்தாயிற்று, மற்றது வேண்டாம் என்று விடக்கூடாது.

எல்லாவற்றையும் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கும். மெலனோமாக்களில் சுமார் 3 சதவீதத்துக்கு மூல இடமே கடைசிவரை கிடைப்பதில்லை. தோலில் இருந்தது உடம்பின் எதிர்ப்புச் சக்தியால் தானாகவே மறைந்து, பரவியது மட்டும் மிஞ்சும். இங்கேதான் மரபணுச் சோதனை கை கொடுக்கிறது. வெயில் பட்ட தோலில் வரும் மெலனோமாவில் பிராஃப், டெர்ட் என்ற மரபணுக்களில் மாற்றம் அடிக்கடி இருக்கும். மூளை உறையில் தனிக்கட்டியாகத் தோன்றுவதில் பெரும்பாலும் ஜிஎன்ஏகியூ அல்லது ஜிஎன்ஏ11 மாறியிருக்கும். ஆகா, முடிந்தது என்று நினைத்தால் இன்னொரு முடிச்சு: கண்ணுக்குள் வரும் மெலனோமாவிலும் அதே இரண்டுதான். அதனால்தான் கண் டாக்டரை விட முடியாது என்கிறேன். உள்ளங்கால், ஆசனவாய் மெலனோமாக்களில் இந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமாக இருக்காது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இந்தச் சோதனையால் சிகிச்சைக்கும் ஒரு பலன் உண்டு. பிராஃப் மாற்றம் இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன, இல்லாதவர்களுக்கு அவற்றைக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. சோதனை செய்ய அவரை மறுபடி குத்த வேண்டியதில்லை, எடுத்த துண்டு மெழுகுக் கட்டியாக லேபில் பத்திரமாக இருக்கும். அதை எழுதிக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. மெலனின் மரபணுச் சோதனையையே கெடுத்துவிடும் குணம் கொண்டது, முதல் தடவை "முடிவு வரவில்லை" என்று வந்தால் பயப்படாமல், அதைச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். இவ்வளவு அபூர்வமான ஒன்றுக்கு மெழுகுக் கட்டியையும் சிலைடுகளையும் மூளைக் கட்டி அதிகம் பார்க்கும் ஓரிடத்துக்கு அனுப்பி இரண்டாவது கருத்து வாங்குவது நல்லது. வேலூர் சிஎம்சி, பெங்களூர் நிம்ஹான்ஸ், மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்கள். முதலில் பார்த்தவரை அவமதிப்பதாக ஆகாது, நானே அனுப்பச் சொல்கிறவன்தான். எல்லாச் சிலைடுகளையும் கொடுத்துவிடாமல் ஒரு செட்டாவது லேபிலேயே இருக்கட்டும்.

முதுகுத் தண்டு எம்ஆர்ஐயும் முதுகு நீரும் எதற்கு என்றால், கட்டி இருந்தது மூளை உறையை ஒட்டி. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஒரே உறை, நடுவில் ஓடுவது ஒரே நீர். செல்கள் உதிர்ந்து அந்த நீரோடு கீழே போய் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆபரேஷன் முடிந்த கையோடு எடுத்தால் கசிந்த ரத்தம் நோய் மாதிரியே காட்டும், ஆகவே சுமார் இரண்டு வாரம் பொறுப்பார்கள். உங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆகிறது. காலம் கடத்தவில்லை, அந்தக் காலம் வருவதற்குக் காத்திருக்கிறார்கள். நீர் எடுக்கும்போது செல் பரிசோதனைக்கு மட்டும் சுமார் 10 மில்லி வேண்டும், எடுத்த உடனே லேபுக்குப் போக வேண்டும். ஒரு முறை நெகட்டிவ் என்றால் திரும்ப எடுக்கச் சொல்லலாம்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கணவருக்குப் பொருந்தாது, ஆனால் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 19 வயதுப் பையன், தலைவலி, வாந்தி, குழப்பம். முதுகு நீரில் புரதம் அதிகம், சர்க்கரை குறைவு, லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள். நம் நாட்டில் இதற்கு டிபி மூளைக்காய்ச்சல் என்றுதான் முதலில் சொல்வார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். மருந்து தொடங்கினார்கள், கூடக் கொடுத்த ஸ்டீராய்டால் இரண்டு வாரம் நன்றாக இருந்தான். பிறகு மோசமானான். மூன்றாவது முறை எடுத்த நீர் என்னிடம் வந்தது. சுழற்றி அடியில் படிந்ததைச் சிலைடில் போட்டால், பெரிய பெரிய செல்கள், உள்ளே பழுப்புப் பொடி. வார்டுக்குப் போய்ப் பையனின் சட்டையைக் கழற்றச் சொன்னேன். பிறவியிலிருந்தே முதுகை மூடிய கறுப்பு மச்சம், மேலெல்லாம் முடி. கேஸ் ஷீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரிய பிறவி மச்சத்தோடு மூளை உறையிலும் நிறமிச் செல்கள் படர்ந்திருப்பதை வியன்னாவில் ரோகிடான்ஸ்கி 1861லேயே எழுதியிருக்கிறார். சட்டையைக் கழற்றிப் பார்க்க நமக்கு நேரமில்லை.

உங்கள் கணவரின் அண்ணன் சொல்கிற கரண்டுக்கு வருகிறேன். கதிர்வீச்சு தேவைப்படும், அதை மறுக்கவில்லை. ஆனால் தலையில் போட்ட தையல் ஆறாமல் அதைத் தொடங்க மாட்டார்கள், சாதாரணமாக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். தேடலை எல்லாம் அந்த இடைவெளிக்குள் முடித்துவிடலாம், அதனால் நாள் ஒன்றும் நஷ்டமில்லை. எங்கே கரண்ட் வைப்பது என்பதே தேடலின் முடிவைப் பொறுத்தது. கட்டி இருந்த இடத்துக்கு மட்டுமா, தண்டுவடம் முழுக்கவா? வேறிடத்தில் மூலம் இருந்தால் அங்கே என்ன செய்வது? நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகளை எப்போது தொடங்குவது? இந்த மருந்துகள் ஆரம்பிப்பதற்கு முன், மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டை முடிந்த அளவு குறைக்கப் பார்ப்பார்கள், அது அவற்றின் வேலையைக் கெடுக்கக்கூடும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து, டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

செலவைப் பார்த்து வரிசை வைத்துக்கொள்ளுங்கள். தோல், கண், மூக்கு, வாய், ஆசனவாய்ப் பரிசோதனைகளுக்கு அதிகம் ஆகாது, ஒரே வாரத்தில் முடியும். அதில் எங்காவது கிடைத்துவிட்டால் கதை அங்கேயே மாறிவிடும். அடுத்து முதுகுத் தண்டு எம்ஆர்ஐயும் பெட்டும். மரபணு முடிவு வரச் சில வாரம் ஆகலாம், அதற்காகக் கரண்டைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு வருமா? கிட்டத்தட்ட இல்லை. இது பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை, தொற்றுவதும் இல்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது கண் மெலனோமா, நுரையீரல் உறைப் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய் என்று இருந்தால் மட்டும் சொல்லுங்கள், பிஏபி1 என்ற மரபணுவைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. எத்தனை நாள், எத்தனை வருடம் என்று நான் எண் சொல்ல மாட்டேன். இவ்வளவு அபூர்வமான நோயில் எந்த எண்ணுக்கும் உங்கள் கணவரைத் தெரியாது. இது கொடிய நோய்தான். ஆனால் ஒரே இடத்தில் இருந்து, முழுவதும் எடுக்க முடிந்த கட்டி, உறை முழுக்கப் படர்ந்ததைவிட நல்ல நிலை. கட்டியை முழுவதும் எடுத்தாயிற்றா என்று சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பின் எடுத்த எம்ஆர்ஐயைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். பிரைமரி என்றே முடிவானாலும், தோலையும் கண்ணையும் சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். பின்னால் மூலம் அகப்பட்டு ரிப்போர்ட்டை மாற்றி எழுதியதும் உண்டு.

உங்களால் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அவரைக் குப்புறப் படுக்க வைத்து, உள்ளங்கால் இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, வெடிப்புக்குள்ளும் விரல் இடுக்கிலும் பாருங்கள். நகங்களில் நீளவாக்கில் கறுப்புக் கோடு இருந்தால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவருடைய அண்ணனை உட்கார வைத்துக் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவர் உடம்பில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கூடவே வளர்ந்து, கூடவே வாய்க்காலில் குளித்தவர் அவர். சின்ன வயதில் தம்பிக்கு மச்சமோ மருவோ இருந்து, சுண்ணாம்பு வைத்துச் சுட்டார்களா, குதிரைமுடி கட்டி அறுத்தார்களா, காலில் ஆறாத புண் இருந்ததா என்பது அவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். தோல் டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.